பலகை இடுக்கில் விழுந்த மூக்குக் கண்ணாடி: வீன்ஹவுசன் கன்னியர் மடம்

கேள்வி இதுதான்: இடைக்காலத்து சிஸ்டர்சியன் (கத்தோலிக்கத் துறவு சபைகளில் ஒன்று) கன்னியர் மடங்களின் வரலாறு என்ன, இன்றைக்கு அவற்றில் என்ன மிச்சம்? படங்களைத் தேடினால் கூரை போன சுவர்களும் புல்தரையும்தான் வருகின்றன என்று கேட்டவர் குறைப்பட்டிருக்கிறார்.

அவர் சொல்வது பாதி சரி. சில மடங்களில் சுவர்கூட மிச்சமில்லை. பாரிஸுக்குத் தென்மேற்கே இருந்த போர்-ருவாயால் மடம் 1204இல் தொடங்கி 500 வருடம் நடந்தது. இறையியல் தகராறு ஒன்றில் பதினான்காம் லூயி மன்னனின் கோபத்துக்கு ஆளானது. 1709 அக்டோபரில் மிச்சமிருந்த வயதான கன்னியர்களை வெளியேற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கட்டடத்தை இடித்தார்கள். அதோடும் ஆத்திரம் தீரவில்லை, கல்லறைகளைத் தோண்டி எலும்புகளையும் அப்புறப்படுத்தினார்கள். இன்று அங்கே போனால் கோயிலின் அடித்தளமும் ஒரு புறா மாடமும்தான் பார்க்கக் கிடைக்கும்.

அதற்கு நேர்மாறான ஒரு மடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வடக்கு ஜெர்மனியில், செல்லே என்ற ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், ஆல்லர் ஆற்றங்கரையில் இருக்கிறது வீன்ஹவுசன். கூரை இருக்கிறது, சுவரோவியம் இருக்கிறது, பெட்டி படுக்கை இருக்கிறது. இன்றும் பெண்கள் வாழ்கிறார்கள். ஆனாலும் அங்கே என்னை அதிகம் கவர்ந்தது இவை எதுவும் இல்லை. தரைக்கு அடியிலிருந்து எடுத்த குப்பைதான்.

1953இல் மாடியில் இருந்த பாடற்கூடத்தைப் பழுதுபார்த்தார்கள். கன்னியர்கள் தினமும் கூடி ஜெபம் பாடிய இடம் அது. இருக்கைகளுக்குக் கீழே இருந்த மரப்பலகைகளைப் பெயர்த்தபோது, பலகைக்கும் கீழ்த்தள வளைவுக்கும் நடுவில் தூசியோடு தூசியாக ஏராளமான சின்னச் சின்னப் பொருட்கள் கிடந்தன. ஊசி, நூல், கத்தி, மெழுகுப் பலகை, அதில் எழுதும் எழுத்தாணி, உள்ளங்கை அளவு சாமி படங்கள், யாத்திரை போனவர்கள் வாங்கி வந்த வில்லைகள், கடிதத் துண்டுகள், இசைக்குறிப்பு எழுதிய தாள்கள். கூடவே மூக்குக் கண்ணாடிகள்.

கண்ணாடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். காதில் மாட்டும் கம்பி கிடையாது, அது வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகும். இரண்டு வட்டச் சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டைக் காம்பு. இரண்டு காம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓர் ஆணியால் அடித்து இணைத்திருக்கிறார்கள், கத்தரிக்கோல் போல. விரித்து மூக்கின் மேல் கவ்வ வைக்கலாம், இல்லையென்றால் கையில் பிடித்துக்கொள்ளலாம். சட்டம் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மஞ்சள் மரம். வட்டத்தை ஓர் இடத்தில் வெட்டி, அதை லேசாக விரித்துக் கண்ணாடி வில்லையை உள்ளே தள்ளி, பிறகு வெட்டிய இடத்தை நூலால் கட்டிவிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணாடிக் காம்பு உடைந்தால் நூல் சுற்றிக் கட்டுவார்களே, அந்த வேலைதான். இங்கே செய்யும்போதே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மூக்குக் கண்ணாடி வட இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. 1352இல் திரெவிசோ நகரத்து ஓவியம் ஒன்றில் ஒரு கர்தினால் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி போட்ட மனிதரை வரைந்த மிகப் பழைய ஓவியம் அதுவே என்பார்கள். அது ஓவியம். கையில் எடுக்கக்கூடிய முழுக் கண்ணாடி என்று வந்தால், இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றின் வரிசையில் வீன்ஹவுசன் கண்ணாடிகள் நிற்கின்றன. அத்தனையும் வெள்ளெழுத்துக்காரர்களுக்கானது. நாற்பதைத் தாண்டிய ஒரு கன்னியர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பைபிளின் சங்கீதப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், கண்ணாடி நழுவி விழுகிறது, பலகை இடுக்கில் போய்விடுகிறது. குனிந்து தேடியிருப்பார். கிடைக்கவில்லை.

சரி, அந்தப் பெண்கள் யார், எப்படி அங்கே வந்தார்கள் என்று பார்ப்போம்.

சிஸ்டர்சியன் சபை 1098இல் பர்கண்டியில் சீத்தோ என்ற இடத்தில் தொடங்கியது. புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கைச் சலுகை இல்லாமல் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும், அலங்காரம் கூடாது, சாயம் தோய்க்காத உடை, சொந்த உழைப்பு என்று புறப்பட்ட ஆண் துறவிகள். அவர்கள் மனதில் பெண்களுக்கு இடமே இல்லை. ஆனால் பெண்கள் கேட்டுக்கொண்டா வருவார்கள்? சுமார் 1125இல் டிஷோன் நகரத்துக்குப் பக்கத்தில் தார் என்ற ஊரில் முதல் கன்னியர் மடம் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பெண்கள் மடங்கள் முளைத்தன, எங்களையும் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பங்கள் குவிந்தன. சேர்த்துக்கொண்டால் பூசை வைக்க, பாவசங்கீர்த்தனம் கேட்க, கணக்கு வழக்கைப் பார்க்க ஆண் துறவிகள் போக வேண்டும். தொல்லை தாங்காமல் 1228இல் சபையின் பொதுப்பேரவை இனிமேல் எந்தப் பெண்கள் மடத்தையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. பெண்கள் அசரவில்லை. நீங்கள் சேர்க்காவிட்டால் போங்கள் என்று அதே ஒழுங்கு, அதே உடை, அதே ஜெபமுறை என்று தங்கள் பாட்டுக்கு நடத்தினார்கள்.

வீன்ஹவுசன் இந்த வகைதான். முறைப்படி சபையில் சேர்க்கப்பட்ட மடம் இல்லை; அந்தப் பகுதி மறைமாவட்டமான ஹில்டஸ்ஹைம் ஆயரின் கீழ் இருந்தது. அதனால் "இது உண்மையான சிஸ்டர்சியன் மடமா" என்று சிலர் இழுப்பார்கள். வெண்சீருடை போட்டு, சிஸ்டர்சியன் முறையில் இரவு பகலாக ஜெபம் சொல்லி, தங்களைச் சிஸ்டர்சியன் என்றே எழுதிக்கொண்டவர்களை, பேரவைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக விலக்குவது என் கண்ணுக்கு நியாயமாகப் படவில்லை.

மடத்தை நிறுவியவர் ஆக்னஸ். சிங்க ஹைன்ரிஹ் என்று பெயர் பெற்ற ஜெர்மன் பிரபுவின் மருமகள். கணவர் 1227இல் இறந்தபின் அவர் இந்த வேலையில் இறங்கினார். முதலில் நீன்ஹாகன் என்ற இடத்தில் தொடங்கியதாகவும், அது சதுப்பு நிலம், பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை என்று இங்கே மாறியதாகவும் மடத்து மரபு சொல்கிறது. 1233இல் ஆயரின் உறுதிப் பத்திரம் கிடைத்தது. ஆக்னஸின் கற்சிலை ஒன்று இன்னும் மடத்துக்குள் இருக்கிறது. உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார நிலப்பிரபுக்கள் வீட்டுப் பெண்கள், பிறகு நகரத்து வணிகர் வீட்டுப் பெண்களும். சிறுமிகளாக வந்தவர்கள் லத்தீனும் பாட்டும் கற்றுக்கொண்டு கன்னியர் ஆனார்கள். வரும்போது சீர்வரிசை போல ஒரு மரப்பெட்டகம் கூட வரும். அப்படி வந்த கருவாலி மரப் பெட்டகங்கள் தாழ்வாரங்களில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. இடைக்காலப் பெட்டகங்கள் இத்தனை ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம்.

கட்டடம் வடக்கு ஜெர்மனிக்கே உரிய செங்கல் கோதிக் பாணி; கோதிக் என்றால் கூரான வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி. கல் கிடைக்காத சமவெளி, ஆகவே செங்கல். மேற்குப் பக்கத்தில் படிக்கட்டு வடிவில் உயரும் முகப்புக்குப் பின்னால், மாடியில், சுமார் 1330இல் கட்டிய பாடற்கூடம். கோயிலின் மறுபாதி ஊர் மக்களுக்கு. ஊர்க்காரர்கள் கன்னியர்களின் குரலைக் கேட்கலாம், பார்க்க முடியாது. உள்ளே நுழைந்தால் தலை சுற்றும்: சுவரிலும் வளைகூரையிலும் ஒரு சாண் இடம் விடாமல் ஓவியம். பழைய ஏற்பாட்டுக் கதைகள், மேலே கிறிஸ்துவின் வாழ்க்கை, பரலோக எருசலேம், இடையிடையே கொடியும் இலையும். 1335 வாக்கில் வரைந்தது. அலங்காரமே கூடாது என்று தொடங்கிய சபையின் வழி வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

150 வருடத்தில் ஓவியம் மங்கிப் போக, 1488இல் அதைப் புதுப்பித்தவர்கள் மூன்று கன்னியர்கள். மூன்று பேருக்கும் பெயர் கெர்ட்ரூட். வெளியூர் ஓவியர் யாரையும் கூப்பிடவில்லை. சாரத்தில் ஏறி, தலையை அண்ணாந்து, தாங்களே தீட்டியிருக்கிறார்கள். பின்னர் 19ஆம் நூற்றாண்டிலும் கை வைத்தார்கள் என்பதால், இன்று பார்க்கும் ஒவ்வொரு கோடும் 14ஆம் நூற்றாண்டுக் கோடு இல்லை.

மடத்தின் பெயரை உலகம் அறிய வைத்தவை தையல் திரைகள். அவற்றில் பழையது சுமார் 1300இல் செய்த திரிஸ்டன் திரை. நீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2 மீட்டருக்கு மேல். இதை நெசவு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். தறியில் நெய்தது அல்ல, ஊசியால் தைத்தது. லினன் துணியின்மேல் கம்பளி நூலை நெடுக்காக நெருக்கி நெருக்கி இழுத்து, அதே நூலால் குறுக்கே சின்னச் சின்னத் தையல் போட்டு அதைப் படிய வைப்பார்கள். கீழே இருக்கும் துணியே தெரியாதபடி முழுப் பரப்பும் கம்பளியால் மூடிவிடும். ஜெர்மனில் இதற்கு மடத்துத் தையல் என்றே பெயர். நீலமும் சிவப்பும் மாறி மாறி வரும் பின்னணியில் கதைக் காட்சிகள் ஒரு வரிசை, குடும்பச் சின்னங்கள் பொறித்த கேடயங்கள் ஒரு வரிசை. காட்சிக்கு மேல் அந்த வட்டாரப் பேச்சு ஜெர்மனில் விளக்க வரி.

கதை என்ன தெரியுமா? மாமனுக்குப் பெண் அழைத்து வரப்போன திரிஸ்டன் என்ற வீரன், கப்பலில் தவறுதலாகக் காதல் மருந்தைக் குடித்து, அந்தப் பெண்ணையே காதலிக்கும் கதை. துவந்த யுத்தம், நாகத்தைக் கொல்வது, மருந்து எல்லாம் வரிசையாக வருகிறது. கன்னியர் மடத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. பாவத்துக்கு எச்சரிக்கை என்று பக்தியாக விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேடய வரிசைதான் பதிலைச் சொல்வதாகத் தோன்றுகிறது. இந்தப் பெண்கள் வளர்ந்த வீடுகளில் இரவில் சொல்லக் கேட்ட கதை இது. பிறந்த வீட்டுச் சின்னத்தையும் பிறந்த வீட்டுக் கதையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மடத்துக்கு வந்ததும் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டும் என்பது விதி. திரையைப் பார்த்தால் மறந்ததாகத் தெரியவில்லை. திரிஸ்டன் கதைக்கு ஒன்றல்ல, மூன்று திரைகள் இருக்கின்றன!

பக்திக்கும் குறைவில்லை. சவப்பெட்டி போன்ற ஒரு மரப்பேழைக்குள், சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறிஸ்துவின் உருவம் படுத்திருக்கிறது. உருவம் 13ஆம் நூற்றாண்டுக் கடைசி, உள்ளே ஓவியம் தீட்டிய பேழை 1448. புனித வெள்ளியும் பாஸ்காவும் இதைச் சுற்றித்தான் நடந்திருக்கும். உயிர்த்த கிறிஸ்து, மாதா சிலைகளுக்குக் கன்னியர்கள் தைத்து அணிவித்த உடைகளும் பத்திரமாக இருக்கின்றன. கலை வரலாற்று நூல்களில் மேலைநாட்டவர் இதை ஒரு விநோதம் போல விளக்கிக்கொண்டிருப்பார்கள். சிலைக்குத் துணி சாத்துவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பேழையைச் செய்வித்தவர் மடத்தலைவி கத்தரீனா ஃபொன் ஹோயா, பிரபு குடும்பத்துப் பெண். அவர் கதைதான் இந்த மடத்தின் வரலாற்றிலேயே சுவாரசியமான பகுதி.

அவர் காலத்தில் ஒழுங்கு தளர்ந்திருந்தது. கன்னியர்கள் ஆளுக்கொரு பாத்திரம் பண்டம் வைத்து, வீட்டிலிருந்து வரும் பணத்தில் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள். பெனடிக்ட் ஒழுங்குப்படி துறவிக்கு ஒரு எழுத்தாணிகூடச் சொந்தம் கிடையாது. அப்போது வடக்கு ஜெர்மனி மடங்களைத் திருத்தும் வேலையில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் யோஹன்னஸ் புஷ் என்ற துறவி. தன் அனுபவங்களை எல்லாம் விலாவாரியாக எழுதி வைத்தவர். டெர்னபுர்க் என்ற மடத்தில் அவர் நிலவறையைச் சோதனை போட இறங்கியபோது, கன்னியர்கள் மேலே கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். அதற்குப்பின் எந்த மடத்துக்குப் போனாலும், நீங்கள் முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன் என்பாராம். அவரே எழுதியது இது, அதனால் நம்பலாம்.

1469இல் புஷ், அந்தப் பகுதியை ஆண்ட லூனபுர்க் ஆட்சியாளர் ஓட்டோவின் துணையோடு வீன்ஹவுசனுக்கு வந்தார். கத்தரீனா மசியவில்லை, கன்னியர்களும் மசியவில்லை. நயமாகச் சொன்னார்கள், மிரட்டினார்கள். கடைசியில் கத்தரீனாவைப் பதவியிலிருந்து இறக்கி, வண்டியில் ஏற்றி வேறு மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே? அதே டெர்னபுர்க். ஒரு காலத்தில் புஷ்ஷை நிலவறையில் பூட்டிய மடம் அதற்குள் திருந்திய மடமாகி, அங்கிருந்து வந்த சுசன்னா பொட்ஷ்டாக் வீன்ஹவுசனின் புதிய தலைவி ஆனார். தனித்தனிப் பாத்திரங்களைப் பொதுச் சமையலறைக்குச் சேர்த்தார்கள். கத்தரீனா பிறகு திரும்பி வந்தார், ஆனால் தலைவியாக அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் தான் ஆண்ட மடத்தில் சாதாரண கன்னியராக இருந்து இறந்தார்.

புஷ்ஷின் எழுத்து மட்டுமே கையில் இருந்தால், சோம்பேறிக் கன்னியர்களைத் திருத்திய கதை என்று போயிருக்கும். பேழையையும் சுவர்களையும் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வராது. அதேசமயம் சீர்திருத்தமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று கெர்ட்ரூட்களும் சாரம் ஏறியது சுசன்னா காலத்தில்தான். அந்தத் தலைமுறையில்தான் சுமார் 60 பாடல்கள் கொண்ட ஒரு கைப்பிரதியும் எழுதப்பட்டது. லத்தீன் பக்திப் பாட்டு, வட்டார மொழிப் பாட்டு எல்லாம் கலந்தது. பறவைகளின் கல்யாணம் பற்றி ஜெர்மன் குழந்தைகள் இன்றும் பாடும் ஒரு பாட்டின் பழைய வடிவம் அதில் இருக்கிறது. அந்தப் பிரதியும் மடத்துக்குள்ளேயே கிடந்து 1934இல்தான் கவனத்துக்கு வந்தது.

அடுத்த அடி, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் வழியாக வந்தது. லூதர் பாடம் சொன்ன வித்தன்பெர்க்கில் படித்த எர்ன்ஸ்ட் என்பவர் லூனபுர்க்கில் ஆட்சிக்கு வந்து நாட்டைப் புராட்டஸ்டண்ட் ஆக்கினார். கன்னியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1531 வாக்கில் மடத்து நிலங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். மடத்து நிர்வாகியின் வீட்டையும் சில சிற்றாலயங்களையும் இடிக்க வைத்தார். கன்னியர்கள் வருமானம் குறைந்தும் பழைய ஜெபத்தையும் பழைய உடையையும் விடவில்லை. 1587இல்தான் முதல் புராட்டஸ்டண்ட் மடத்தலைவி வந்தார், 1616இல்தான் சிஸ்டர்சியன் உடையைக் கழற்றினார்கள். இரண்டு மூன்று தலைமுறை இழுத்தடித்திருக்கிறார்கள். மடத்தை அடியோடு மூடாததற்குக் காரணம் பக்தி அல்ல. கல்யாணமாகாத பெண்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்கள் பிடிவாதமாக நின்றன. ஆக, மதம் மாறியது, மடம் மாறவில்லை. பக்கத்து எப்ஸ்டோர்ஃப், ஈஸன்ஹாகன், லூன, மெடிங்கன், வால்ஸ்ரோட மடங்களும் இப்படியே தப்பின. பணம் இல்லாததால், ஆடம்பரக் கட்டடங்கள் எழுந்த 17, 18ஆம் நூற்றாண்டு பரோக் காலத்தில் எல்லாவற்றையும் இடித்துப் பளபளவென்று கட்டவும் முடியவில்லை. இன்று நாம் பார்ப்பதற்கு அந்தப் பஞ்சத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

1818இல் ஏற்படுத்தப்பட்ட ஹனோவர் மடச் சொத்து வாரியம் இப்போது கட்டடங்களைக் கவனித்துக்கொள்கிறது. ஒரு சில புராட்டஸ்டண்ட் பெண்கள் உள்ளே சேர்ந்து வாழ்கிறார்கள். பார்வையாளர்களை அழைத்துச் சென்று காட்டுவதும் அவர்கள்தான். குளிர்காலத்தில் பொதுவாகத் திறப்பதில்லை, தனியாகச் சுற்றவும் விடமாட்டார்கள். திரைகள் மங்கலான வெளிச்சத்தில் இருக்கும், கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கடைசியாக அந்தத் தரைக்குத் திரும்ப வேண்டும். அங்கே கிடைத்ததை 1973இல் நூலாகப் பதிப்பித்தவர் கலை வரலாற்றாளர் ஹோர்ஸ்ட் அப்பூன். அத்தனையும் தவறி விழுந்தவைதானா, சில வேண்டுமென்றே ஒளித்தவையா என்று ஒரு விவாதம் உண்டு. 1469க்குப் பிறகு சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது, 1530களுக்குப் பிறகு சாமி படமும் யாத்திரை வில்லையும் கூடாது. ஊசியும் கண்ணாடியும் விழுந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பெண் தன் அம்மா கொடுத்த சின்னப் படத்தை, வாங்கி எரித்துவிடுவார்களோ என்று, பாட்டுக்கு நடுவே யாரும் பார்க்காமல் பலகை இடுக்கில் விரலால் தள்ளிவிட்டிருக்கலாம். பாடற்கூடத்துக்குள் போனதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் கீழேயும் பாருங்கள்.